தொலைத்தொடர்புத் தொழிலில் ஒரு தலைமகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் ஒருவரோ கலைஞர் ஒருவரோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு, ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புத் துறையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கம்பியோடும் கருவியோடும் காலம் கழித்த என்னை அழைத்திருக்கிறீர்கள். “எனக்கு இலக்கியம் பேசத் தெரியாது, கம்பியைப் பற்றிப் பேசலாமா?” என்று கேட்டேன். “தாராளமாகப் பேசுங்கள், ஆனால் எங்கள் பெண்களுக்குப் பயன்படும்படி பேசுங்கள்” என்றார்கள் மகளிர் பிரிவினர். அந்தக் கட்டளையை ஏற்று, தொலைத்தொடர்புக் கருவித் தொழிலில் தலைமை இடத்தை அடைந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் ஜெயஸ்ரீ உல்லால்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் நாம் வாழும் இந்த மண்ணைப் பற்றி ஒரு சொல். சாந்த்ராகாச்சி என்றால் வெளியூரார்க்கு ஒரு ரயில் சந்திப்பும், குளிர்காலத்தில் பறவைகள் வந்து தங்கும் ஓர் ஏரியும் நினைவுக்கு வரும். ஆனால் ஊக்ளி ஆற்றின் அக்கரையிலுள்ள கல்கத்தா, இந்தியத் தொலைத்தொடர்பின் பிறந்தகம் என்பதை நம் குழந்தைகள் அறிந்திருத்தல் வேண்டும். கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே போடப்பட்ட தந்திக் கம்பி, 1851 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பயனுக்குத் திறக்கப்பட்டது. 1882 ஜனவரி 28 இல் கல்கத்தாவில் தொலைபேசி இணைப்பகம் திறந்துவைக்கப்பட்டது. 1995 ஜூலை 31 இல், அந்நாளைய முதலமைச்சர் ஜோதி பாசு அவர்கள் கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராம் அவர்களை அழைத்துப் பேசியதே இந்தியாவின் முதல் செல்பேசி உரையாடல். தந்தி, தொலைபேசி, செல்பேசி ஆகிய மூன்றின் வரலாற்றிலும் நம் அண்டை நகரத்துக்கு முதன்மையான இடம் உண்டு.

இந்த நெடிய வரலாற்றில் பெண்களுக்குக் கிடைத்த இடம் எது? பழைய தொலைபேசி இணைப்பகங்களில், பலகையின் முன் வரிசையாக அமர்ந்து, “எந்த எண் வேண்டும்?” என்று கேட்டு, ஒரு துளையிலிருந்து மற்றொரு துளைக்குக் கயிறு செருகி இணைத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் இணைத்தார்கள், நாடு பேசியது. ஆனால் அந்தப் பலகையை எப்படி அமைப்பது, எந்தக் கருவியை வாங்குவது, எந்த ஊருக்குக் கம்பி போடுவது என்று முடிவு செய்த அறைகளில் அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. அந்த நாற்காலி கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிரிட்டனின் அஞ்சல் துறையிலிருந்து கிளைத்த பி.டி. என்னும் பெரும் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் முதன்முதலாக ஒரு பெண், ஆலிசன் கிர்க்பி, அமர்ந்தது 2024 பிப்ரவரியில்தான்.

ஜெயஸ்ரீ அம்மையாரும் பிறப்பால் பிரிட்டனைச் சேர்ந்தவரே. 1961 மார்ச் 27 இல் இலண்டனில், இந்தியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வளர்ந்தது தில்லியில். அங்கே இயேசு மரி கன்னிமாடப் பள்ளியில் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் இளநிலைப் பட்டமும், சாந்தா கிளாராப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மேலாண்மையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது ஒரு நாடு, உழைத்தது ஒரு நாடு. மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் பெட்டி கட்டிய நம் காலனிக் குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கை புதிதன்று. “எந்த ஊர்?” என்று கேட்டால், ஒரு கணம் தயங்கி விடை சொல்லும் பிள்ளைகளை நாமும் வளர்த்திருக்கிறோம்.

அவர் முதலில் பணியாற்றியது ஏ.எம்.டி., ஃபேர்சைல்டு என்னும் மின்னணுச் சில்லு நிறுவனங்களில். பின்னர் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் தொழிலுக்கு வந்தார். உங்கர்மன் பாஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றியபின், கிரெசெண்டோ என்னும் சிறிய நிறுவனத்தில் சந்தைப் பிரிவின் துணைத் தலைவரானார். அந்தச் சிறிய நிறுவனத்தை 1993 இல் சிஸ்கோ என்னும் நிறுவனம் விலைக்கு வாங்கியது. சிஸ்கோ வாங்கிய முதல் நிறுவனம் அதுவே. அதனோடு அம்மையாரும் சிஸ்கோவுக்குச் சென்றார்.

அங்கே அவர் வளர்த்த பொருளின் பெயர் ஸ்விட்ச். நம் வீட்டுச் சுவரில் விளக்குப் போடும் ஸ்விட்ச் அன்று இது. இதை விளக்குவதற்கு ரயில்வேக் காலனியைவிடச் சிறந்த இடம் எனக்குக் கிடைக்காது. ஒற்றைத் தண்டவாளப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு நிலையங்களுக்கு இடையே ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் செல்லலாம். மற்றவை காத்திருக்க வேண்டும். தொடக்க காலத்து அலுவலகக் கணினிகளும் இப்படித்தான் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பினால் அவை மோதிச் சிதையும். இரண்டும் சற்றுப் பொறுத்து மறுபடியும் அனுப்ப வேண்டும். கணினிகள் பெருகப் பெருகக் காத்திருப்பும் பெருகியது. ஸ்விட்ச் என்பது பல பாதைகள் கொண்ட யார்டு போன்றது. ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை உண்டு. வரும் செய்தியின் நெற்றியில் எழுதியுள்ள முகவரியை அந்தக் கருவி படித்து, பாயிண்டை மாற்றி, உரிய பாதையில் மட்டும் அதை அனுப்பும். ஒருவருக்காக மற்றவர் காத்திருக்க வேண்டுவதில்லை. இந்த வேலை ஒரு நொடியில் பல இலட்சம் முறை நடைபெறுகிறது என்பதே வேறுபாடு.

சிஸ்கோவில் காட்டலிஸ்ட் என்னும் பெயரில் வெளிவந்த இக்கருவிகளின் விற்பனை, 1993 இல் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து 2000 ஆம் ஆண்டில் 500 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்தது. அவ்வளர்ச்சியை முன்னின்று நடத்தியவர்களுள் அம்மையார் ஒருவர். படிப்படியாக உயர்ந்து, அந்நிறுவனத்தின் மூத்த துணைத் தலைவராகி, ஸ்விட்ச் தொழில் முழுவதையும் தம் பொறுப்பில் வைத்திருந்தார்.

இந்த இடத்தில் நம்மில் பலர் கதையை முடித்துவிடுவோம். “பெரிய பதவி, பெரிய கம்பெனி, நல்ல சம்பளம். இனி என்ன வேண்டும்? ஓய்வு பெறும்வரை நிம்மதியாக இருக்கலாம்” என்போம். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. 2008 ஆம் ஆண்டில், தம் 47 ஆம் வயதில், பதினைந்து ஆண்டுகள் உழைத்த சிஸ்கோவை விட்டு விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் அரிஸ்டா என்னும் நிறுவனத்தின் தலைவராகவும் தலைமைச் செயல் அதிகாரியாகவும் பொறுப்பேற்றார். ஆண்டி பெக்டோல்ஷைம், டேவிட் செரிட்டன் முதலியோர் 2004 இல் தொடங்கிய நிறுவனம் அது. அவர் சேர்ந்தபோது அங்கே இருந்தவர் ஐம்பது பேருக்கும் குறைவு. விற்பனை என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. காலமோ மிகக் கொடிது. அதற்கு முந்திய மாதத்தில்தான் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரு நிதி நிறுவனம் வீழ்ந்து, உலகமெங்கும் வங்கிகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

இது துணிச்சலா, கண்மூடித்தனமா? நான் இதை நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். கண்மூடித்தனம் அன்று என்பதே என் முடிவு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் இந்தத் தொழிலின் உள்ளும் புறமும் அறிந்தவர். செய்திகளின் போக்குவரத்து மாறிவருவதை அவர் கண்டார். முன்னே, ஓர் அலுவலகத்துக் கணினிகள் தம்முள் பேசிக்கொண்டால் போதும். இனியோ, ஆயிரமாயிரம் கணினிகள் ஒரே பெருங்கூடத்தில் அடுக்கப்பட்டு, உலகத்தார் அனைவருக்கும் தொண்டு செய்யப் போகின்றன. அந்தக் கூடங்களுக்கு வேறு வகையான ஸ்விட்ச் தேவை என்பது அவருக்குத் தெரிந்தது.

அரிஸ்டா செய்த புதுமை என்ன? சில்லுகளைத் தாமே செய்வதை விட்டு, சந்தையில் கிடைக்கும் தரமான சில்லுகளை வாங்கி, கருவியை இயக்கும் மென்பொருளில் தம் அறிவையெல்லாம் செலுத்தினார்கள். அம்மென்பொருளில் ஒரு பகுதி பழுதுற்றால் அந்தப் பகுதி மட்டும் மறுபடி தொடங்கும். மற்றவை நிற்காமல் நடக்கும். ஒரு ரிலே பழுதானதற்காகக் கேபின் முழுவதையும் நிறுத்தி, இரவெல்லாம் விழித்துக்கொண்டு, வண்டிகளை வரிசையாகக் காக்கவைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஆகையால் இதன் அருமையை நான் நன்கு உணர்வேன். கண்ணிமைக்கும் நேரமும் வீணாகக் கூடாத பங்கு வணிக நிலையங்கள் முதலில் இக்கருவிகளை வாங்கின. பின்னர் மைக்ரோசாஃப்டு, ஃபேஸ்புக் போன்ற பெரு நிறுவனங்கள் வாங்கின. நாம் ஊரிலுள்ள உறவினரோடு செல்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போதும், அச்செய்தி எங்கோ ஒரு பெருங்கூடத்தில் இத்தகைய ஸ்விட்சுகளைக் கடந்துதான் வருகிறது.

2014 ஜூனில் அரிஸ்டாவின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தையில் விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டு விற்பனை ஏறத்தாழ 58 கோடி டாலர். பத்து ஆண்டுகள் கழித்து, 2024 இல், அது ஏறத்தாழ 700 கோடி டாலர்.

வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகிவிடும். 2014 டிசம்பரில் சிஸ்கோ அரிஸ்டாவின்மீது வழக்குத் தொடுத்தது. தன் காப்புரிமைகளையும் கட்டளைச் சொற்களையும் அரிஸ்டா எடுத்தாண்டது என்பது குற்றச்சாட்டு. யாரோடு பதினைந்து ஆண்டுகள் உழைத்தாரோ அவர்களே எதிர்த்தரப்பு. அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம், சில காப்புரிமைகளைப் பொறுத்தவரை அரிஸ்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, அக்கருவிகளின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அரிஸ்டா தன் கருவிகளைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. கட்டளைச் சொற்கள் பற்றிய வழக்கிலோ 2016 டிசம்பரில் நடுவர் குழு அரிஸ்டாவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முடிவில் 2018 ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்தது. இவ்வழக்கில் முழு நியாயமும் ஒரு பக்கமே இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நான் கவனிப்பது வேறொன்று. நான்கு ஆண்டு வழக்கின் நடுவிலும் அம்மையார் பொறுப்பை விட்டு ஓடவில்லை. திருத்த வேண்டியதைத் திருத்தி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வேலையைத் தொடர்ந்தார். தலைமை என்பது மாலை சூடும் நாளில் மட்டும் மேடையில் நிற்பது அன்று.

அன்பர்களே! இதுவரை பிறர் கதை சொன்னேன். இனிச் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. என் மகள் அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அவள் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன்.

2008 ஆம் ஆண்டில் அவள் மின்னணுப் பொறியியலில் பட்டம் பெற்றாள். இருபது பேர்கூட இல்லாத ஒரு புது நிறுவனம், பெங்களூரில் அவளுக்கு வேலை தர முன்வந்தது. கணினி இணைப்புக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. அதே காலத்தில் ஒரு வங்கித் தேர்விலும் அவள் தேறியிருந்தாள். “எனக்குப் பெங்களூர் போக வேண்டும் அப்பா” என்றாள். நான் என்ன சொன்னேன்? “உலகமே சரிந்துகிடக்கிறது. பெயர் தெரியாத கம்பெனி. நாளைக்கு மூடிவிட்டுப் போய்விடுவான். வங்கி வேலை நிலையானது. பெண் பிள்ளைக்கு இதுதான் அழகு” என்றேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வங்கியின் கடிதத்தில் கையெழுத்திட்டாள்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல பணி, நல்ல குடும்பம். என்னை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு இணையப் பெட்டி பழுதாயிற்று. அவள் அதைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அரை மணி நேரம் பார்த்துச் சரிசெய்தாள். மூடும்போது மெல்லச் சொன்னாள்: “அப்பா, இந்தப் பெட்டிக்குள் இருப்பதைத்தான் நான் செய்ய நினைத்தேன்.” அவ்வளவே. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பின்னரே ஜெயஸ்ரீ அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன். ஆண்டு 2008 என்று கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். உலகம் சரிந்துகிடக்கிறது என்று நான் என் மகளைத் தடுத்த அதே ஆண்டில், அதே தொழிலில், வேறொரு பெண் பெருநிறுவனத்தை விட்டுச் சிறு நிறுவனத்துக்கு நடந்திருக்கிறாள்.

நான் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. என் மகள் பெங்களூர் சென்றிருந்தால் அவளும் பெருந்தலைவி ஆகியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. புது நிறுவனங்களில் பல மூடிப்போகின்றன, அதுவும் மூடப்பட்டிருக்கலாம். அந்த நிறுவனம் என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவே இல்லை. என் குற்றம் அதுவே. அவர்கள் செய்யும் கருவி எது, நடத்துபவர் யார், முதல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வியும் கேட்காமல் வேண்டாம் என்றேன். வாழ்நாளெல்லாம் தொலைத்தொடர்பில் உழைத்தவன் நான். கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். என் அச்சத்துக்கு நான் அனுபவம் என்று பெயர் வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1973 இல், இருபத்தோரு வயதில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு ஹௌரா மெயிலில் ஏறியவன் நான். வங்காளியில் ஒரு சொல் தெரியாது. இந்த ஊரின் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்குப் புரளவில்லை. என் தாயார் திண்ணையில் அமர்ந்து அழுதார்; ஆனால் தடுக்கவில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, “போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடு” என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்கு இருந்த நெஞ்சுரம், இவ்வளவு கருவிகளைக் கையாண்ட எனக்கு இல்லாமல் போயிற்று. இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும், யாரோ ஒருவர் துணிந்து ரயிலேறியதால் இங்கே இருக்கிறது. நாமே புறப்பட்டு வந்தவர்கள். நம் பெண்கள் புறப்படும்போது மட்டும் வாயிற்படியில் குறுக்கே நிற்பது முறையா?

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. உங்கள் மகள் ஒரு படிப்பையோ வேலையையோ சொன்னால் உடனே சரி என்று சொல்ல வேண்டா. உடனே வேண்டாம் என்றும் சொல்ல வேண்டா. முதலில், “அது என்ன வேலை, எனக்கு விளக்கிச் சொல்” என்று கேளுங்கள். அவள் விளக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். புரியாவிட்டால் புரிந்தவரைத் தேடிச் சென்று கேளுங்கள். அதன்பின் சொல்லும் விடை எதுவாயினும், அது அறிந்து சொன்ன விடையாக இருக்கும்.

பெண் குழந்தைகளே! உங்களுக்கும் ஒரு சொல். ஜெயஸ்ரீ அம்மையாரின் துணிவை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்; துணிவுக்கு முன்னே நின்ற இருபதாண்டு உழைப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலை அறிந்தவளின் துணிவுக்கு மற்றவர் வழிவிடுவார்கள்.

வாய்ப் பேச்சோடு நிறுத்த எனக்கு மனமில்லை. சங்கத் தலைவரிடம் இசைவு கேட்டிருக்கிறேன், தந்திருக்கிறார். வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நம் சங்க மண்டபத்தில் ஒரு மேசை போடப்படும். பழைய தொலைபேசி, பழுதான இணையப் பெட்டி, ரிலே, மின்கம்பி எல்லாம் அதன்மேல் இருக்கும். திருப்புளியோடு நானும் இருப்பேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எந்தக் குழந்தையும் வந்து, எதையும் திறந்து பார்க்கலாம், உடைத்தாலும் குற்றமில்லை. எனக்கு வயதாகிவிட்டது, புதுக் கருவிகள் எல்லாம் எனக்குத் தெரியா. ஆகையால் உதவிக்கு ஓர் ஆசிரியையும் வருகிறார். வங்கியில் பணியாற்றுகிறார், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் கேட்டபோது ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, “சரி அப்பா” என்றார்.